ஊற்றும் மதகும்: மைன்கிராஃப்ட் வழங்கியில் துணைநிரல் அமைத்தல்

முன்னுரை

கூடி விளையாடுதல் மாந்தர்க்கு இயல்பு. தெருமுனையிலும் திடலிலும் நிகழ்ந்துவந்த அவ்விளையாட்டு, கணிப்பொறியும் இணையமும் பரவியபின் திரைக்குள்ளும் இடம்பெற்றது. நேரில் ஒருமுறையும் கண்டிராத சிறுவர்கள் ஒரே உலகிற் புகுந்து வீடு கட்டுகின்றனர், வயல் உழுகின்றனர், சுரங்கம் தோண்டுகின்றனர். ஆயினும், கூடும் இடம் ஒன்றாயிருத்தல் மட்டும் போதாது. கூடுவோர்தம் கருவிகள் ஒன்றன் மொழியை மற்றொன்று அறிதல் வேண்டும். வருபவர் இன்னார் என்று காணும் வழியும் வேண்டும். மைன்கிராஃப்ட் என்னும் விளையாட்டில் இவ்விரு தேவைகளையும் நிறைவு செய்ய எழுந்தவை கீசர், ஃபிளட்கேட் என்னும் இரு நிரல்கள். முன்னது தலைமை நிரல். பின்னது அதன் துணைநிரல்.

இப்பெயர்கள் பொருள் பொதிந்தவை. கீசர் என்பது நிலத்தைப் பிளந்து பீறிடும் வெந்நீரூற்றைக் குறிக்கும். ஃபிளட்கேட் என்பது மதகு. ஊற்று நீரைப் பெருக்கும். மதகு அதனை அளந்து விடும். மதகில்லாத ஏரி நிறைந்தால் ஊருக்கு நன்மையன்று என்பதை நாம் அறிவோம். விளையாட்டு வழங்கிக்கும் அவ்வுண்மை பொருந்தும். இத்துணைநிரலை அமைக்கும் முறையையும், அமைப்போர் மறவாது காக்க வேண்டியவற்றையும் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரு பதிப்புகள்

மைன்கிராஃப்ட் சுவீடன் நாட்டவரான மார்க்கஸ் பெர்சன் என்பவரால் உருவாக்கப்பெற்றது. 2009ஆம் ஆண்டு மே மாதம் மக்கள் பார்வைக்கு வந்து, 2011 நவம்பரில் முழுமையான வெளியீடாக மலர்ந்தது. ஜாவா என்னும் நிரல்மொழியில் எழுதப்பட்டமையின் அக்கணிப்பொறி வடிவம் இன்று ஜாவா பதிப்பு எனப்படுகிறது. அதே 2011ஆம் ஆண்டிற் கைப்பேசிகளுக்கெனத் தனியானதொரு வடிவமும் வெளிவந்தது. சி++ மொழியில் எழுதப்பட்ட அக்கிளையிலிருந்து வளர்ந்ததே இன்றைய பெட்ராக் பதிப்பாகும். 2014இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இவ்விளையாட்டை வெளியிட்ட மோஜாங் நிறுவனத்தை 250 கோடி டாலருக்கு விலைக்கு வாங்கியது. 2017 செப்டம்பரிற் கைப்பேசி, விண்டோஸ் 10, எக்ஸ்பாக்ஸ் ஆகியவற்றில் இயங்கிய வடிவங்கள் பெட்ராக் என்னும் ஒரே குடையின்கீழ் வந்தன. ஜாவா பதிப்போ தனித்தே நின்றது.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டாற் காண்போம். ஓர் இல்லத்தில் அண்ணன் கணிப்பொறியில் ஜாவா பதிப்பை விளையாடுகிறான்; தம்பியிடம் இருப்பது கைப்பேசி. இருவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்திருப்பினும் ஓர் உலகிற் புக இயலாது. ஜாவா பதிப்பு டி.சி.பி. நெறிமுறையிற் பேசும்; அதன் வழக்கமான வாயில் எண் 25565. பெட்ராக் பதிப்பு யு.டி.பி. நெறிமுறையின்மேற் பேசும், அதன் வாயில் எண் 19132. அனுப்பும் செய்திகளின் அமைப்பும் வேறு. கட்டைகளுக்கும் பொருள்களுக்கும் இட்டுள்ள குறியெண்களும் வேறு. கணிப்பொறி வாங்க வசதியுள்ளவன் உள்ளே, கைப்பேசி மட்டும் உடையவன் வெளியே என்னும் நிலை இதனால் உண்டாகிறது. இது பொறியியற் குறை மட்டுமன்று. விளையாட்டிலிருந்து ஒருவனை ஒதுக்கும் குறையுமாம்.

ஊற்றின் பணி

பலர் கூடி விளையாடும் உலகைத் தன்னிடம் வைத்து, வருவோர்க்கெல்லாம் அதனைக் காட்டும் கணிப்பொறியைச் சர்வர் என்பர். தமிழில் வழங்கி எனலாம். ஜாவா பதிப்பின் வழங்கிகளுள் ஸ்பிகாட், பேப்பர் முதலானவை இணைநிரல்களை ஏற்கும் இயல்புடையன. இணைநிரல் என்பது மூல நிரலைத் திருத்தாமல் அதனோடு சேர்ந்து இயங்கிப் புதிய ஆற்றல் தருவது. பிளகின் என்று பெரும்பாலோர் வழங்குவது இதனையே.

கீசர் அத்தகையதோர் இணைநிரல். அதன் தொழில் துபாசித் தொழில். கைப்பேசி பெட்ராக் மொழியிற் சொல்வதைக் கேட்டு, ஜாவா மொழியில் வழங்கிக்கு உரைக்கும். வழங்கியின் மறுமொழியை மீண்டும் பெட்ராக் மொழியில் மாற்றித் தரும். ஒருவன் கைப்பேசித் திரையைத் தொட்டு ஒரு கட்டையை வைத்தால், அச்செயல் நொடியின் சிறு கூறுக்குள் ஜாவா வழக்கிற்கு மாறி வழங்கியை அடைகிறது. கீசர் திறமூல நிரலாகும். தன்னார்வலர்கள் கூடி உருவாக்கி வரும் இதற்கும் மோஜாங், மைக்ரோசாஃப்ட் நிறுவனங்களுக்கும் தொடர்பில்லை.

மொழிபெயர்ப்பு எத்துணைச் சிறந்ததாயினும் மூலத்தின் சில சுவைகள் விடுபடும் என்பது இலக்கியம் பயில்வோர் அறிந்ததே. கீசரும் அதற்கு விலக்கன்று. உலகம் ஜாவா வழங்கியில் இருத்தலின் ஜாவாவின் விதிகளே செல்லும். ஜாவா பதிப்பில் ஒருமுறை வாளை வீசியபின் அதன் முழு வலிமை திரும்பச் சற்றுப் பொறுத்தல் வேண்டும்; பெட்ராக் பதிப்பில் அக்கட்டுப்பாடு இல்லை. ஆதலின், கைப்பேசியில் விளையாடிப் பழகியவன் ஜாவா வழங்கியில் வேகமாக வாள்வீசி ஏன் வெல்ல இயலவில்லை என மயங்குவான். இவ்வேறுபாட்டை முன்னரே எடுத்துரைத்தல் வழங்கியை நடத்துவோர் கடமை.

மதகின் தேவை

துபாசி மொழியை மாற்றித் தருவார். ஆனால், வருபவர் இன்னார் என்பதற்கு யார் சான்று? இவ்விடத்திலேயே துணைநிரலின் தேவை எழுகிறது.

ஜாவா வழங்கி இயல்பாகவே தன்னிடம் வரும் ஒவ்வொருவரையும் ஜாவா பதிப்பின் கணக்கு உடையவர்தாமா எனச் சரிபார்க்கும். கீசர் மட்டும் இருந்தாற் கைப்பேசியில் வருபவரும் ஜாவா கணக்கொன்றைக் காட்டியே நுழைதல் வேண்டும். கைப்பேசிப் பதிப்பை மட்டும் விலை கொடுத்து வாங்கியவரிடம் அக்கணக்கு இராது. எனவே, ஊற்று இருந்தும் நீர் வாரா நிலை ஏற்படுகிறது.

இவ்விடத்திற் பலர் எளிய வழியொன்றை நாடுகின்றனர். வழங்கியின் அமைப்புக் கோப்பில் ஆன்லைன்-மோட் என்னும் வரி உள்ளது. அதனை இல்லை என்று மாற்றிவிட்டால் வழங்கி எவரையும் சரிபார்ப்பதில்லை, கைப்பேசியாளரும் நுழைந்துவிடுவர். ஆனால், அவரோடு அயலார் எவரும் எவர் பெயராலும் நுழையலாம் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வழங்கியின் தலைவர் பெயரைச் சூட்டிக்கொண்டு ஒருவன் வந்தால், தலைவர்க்குரிய அதிகாரம் அனைத்தும் அவன் கைக்குப் போய்விடும். பல மாதம் முயன்று கட்டிய மாளிகையை அவன் ஒரு மாலைப்பொழுதில் அழித்துவிடலாம். விருந்தினர் நுழைய வேண்டுமென்று கதவைப் பெயர்த்தெறிவதை ஒக்கும் இச்செயல்.

ஃபிளட்கேட் கதவைப் பெயர்க்காமல் வேறொரு வாயிலை அமைத்துத் தருகிறது. கைப்பேசியாளர் பெட்ராக் பதிப்பிற் புகும்போதே எக்ஸ்பாக்ஸ் கணக்கின்வழித் தம்மை மெய்ப்பிக்கின்றனர். அச்சான்றைக் கீசர் சரிபார்க்கிறது. பின்னர் வருபவரின் விவரத்தைத் திறவுகோல் ஒன்றால் மறையாக்கம் செய்து வழங்கிக்கு அனுப்புகிறது. வழங்கியில் இருக்கும் ஃபிளட்கேட் அதே திறவுகோலால் மறையை அவிழ்க்கும். விவரம் செவ்விதாயின், இவர் ஏற்கெனவே ஒருமுறை மெய்ப்பிக்கப்பட்டவர் எனக் கொண்டு, ஜாவா கணக்கைக் கேளாமல் உள்ளே விடும். கணிப்பொறியில் வருவோர்க்குப் பழைய சோதனை மாறாமல் நிற்கும். ஆக, ஆன்லைன்-மோட் வரியைத் தொடவே வேண்டியதில்லை.

முன்னேற்பாடுகள்

பணியைத் தொடங்குமுன் மூன்று செயல்கள் இன்றியமையாதன. முதலாவது, உலகத்தின் படியெடுத்தல். வழங்கியை நிறுத்தி, உலகக் கோப்புறை முழுவதையும் வேறோர் இடத்தில் நகலெடுத்து வைத்தல் வேண்டும். இரண்டாவது, பதிப்பு நோக்கல். வழங்கி நிரல் வேண்டும் ஜாவா மென்பொருளின் பதிப்பு கணிப்பொறியில் உள்ளதா எனக் காண வேண்டும். மைன்கிராஃப்ட் 1.20.5 முதல் வந்த வழங்கிகளுக்கு ஜாவா 21ஆவது பதிப்பேனும் வேண்டும். வழங்கி பழைய பதிப்பினதாயின் வயாவெர்ஷன் என்னும் வேறோர் இணைநிரலின் துணையும் தேவைப்படும். மூன்றாவது, வழங்கியின் தன்மை அறிதல். விளையாடுவோர் தத்தம் கணிப்பொறியிலும் சிறப்பு நிரல்களை நிறுவினாலன்றிப் புக இயலாத வழங்கிகள் சில உண்டு. அவற்றிற் கைப்பேசியாளரைச் சேர்த்தல் பெரும்பாலும் கைகூடாது.

அமைக்கும் முறை

ஒரே வழங்கியை மட்டும் நடத்துவோர்க்கு உரிய முறை பின்வருமாறு.

முதற்கண், கீசர், ஃபிளட்கேட் ஆகிய இரண்டையும் அவற்றை ஆக்கியோரின் அதிகாரத் தளத்திலிருந்தே இறக்குதல் வேண்டும். வழங்கி பேப்பராயினும் ஸ்பிகாட்டாயினும் ஸ்பிகாட்டுக்கென வெளியிடப்படும் கோப்பே பொருந்தும்.

இரண்டாவதாக, வழங்கியை நிறுத்தி, அவ்விரு கோப்புகளையும் பிளகின்ஸ் என்னும் கோப்புறையில் இடுதல் வேண்டும். பின்னர் வழங்கியை மீளத் தொடங்கினால் அவை ஒவ்வொன்றும் தமக்கென ஒரு கோப்புறையையும் அமைப்புக் கோப்பையும் தாமே படைத்துக்கொள்ளும்.

மூன்றாவதாக, கீசரின் அமைப்புக் கோப்பைத் திறந்து, மெய்ப்பிக்கும் முறையைக் குறிக்கும் ஆத்-டைப் என்னும் வரியை நோக்குதல் வேண்டும். அங்கு ஃபிளட்கேட் என்று அமைந்திருத்தலே முறை. ஆஃப்லைன் என்று இருப்பின் உடனே மாற்றுக. ஒரே வழங்கியில் இரண்டும் இருக்கும்போது திறவுகோலைக் கீசர் தானே கண்டுகொள்ளும், நகலெடுக்க வேண்டியதில்லை.

நான்காவதாக, வாயிலைத் திறத்தல். 19132 என்னும் எண்ணை யு.டி.பி. நெறிமுறைக்குத் திறந்து வைத்தல் வேண்டும். புதியோர் பெரும்பாலும் இடறுவது இங்கேதான். ஜாவாவுக்குப் பழகியவர் டி.சி.பி. வாயிலையே திறந்துவிட்டு, எல்லாம் சரியாக இருந்தும் கைப்பேசி நுழையவில்லையே எனக் கலங்குவர். இல்லத்தில் வழங்கியை வைத்திருப்போர் இணையப் பெட்டியிலும், கணிப்பொறியின் தீயரணிலும் இதனைச் செய்தல் வேண்டும். வாடகைக்கு வழங்கி பெற்றோர்க்கு ஒரே வாயில் எண் மட்டும் அளிக்கப்படுவதுண்டு. அந்நிலையில் ஜாவாவின் எண்ணையே யு.டி.பி.க்கும் கொள்ளுமாறு கீசரில் ஒரு வரி அமைந்துள்ளது. ஒரே எண்ணாயினும் நெறிமுறைகள் இரண்டாதலின் முரண்பாடு நேராது.

ஐந்தாவதாக, சோதித்தல். வழங்கியின் முனையத்தில் கீசர் கனெக்‌ஷன்டெஸ்ட் என்னும் கட்டளையை முகவரியோடும் வாயில் எண்ணோடும் இட்டால், வெளியுலகிலிருந்து வழங்கியை அடைய இயலுமா என்பது புலனாகும். அதன்பின் கைப்பேசியில் முகவரியைச் சேர்த்து நுழைந்து பார்க்கலாம். கைப்பேசியிலும் விண்டோஸிலும் முகவரியை நேரடியாகச் சேர்க்க இயலும். தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடும் எக்ஸ்பாக்ஸ், பிளேஸ்டேஷன், ஸ்விட்ச் போன்ற கருவிகளில் அவ்வசதி இல்லை. அவற்றுக்குச் சுற்றுவழி தேட வேண்டும்.

பல வழங்கிகளை ஒரு முன்வாயிலின் பின்னே வைத்து நடத்துவோர் உளர். வெலாசிட்டி, பஞ்சிகார்ட் ஆகியவை அத்தகைய முன்வாயில் நிரல்கள். அவர்கள் கீசரை முன்வாயிலில் மட்டும் நிறுவினாற் போதும். ஃபிளட்கேட்டும் அங்கேயே அமைதல் வேண்டும். பின்னுள்ள வழங்கிகளும் கைப்பேசியாளரை இனங்காண வேண்டுமாயின், அங்கும் ஃபிளட்கேட்டை நிறுவி, முன்வாயிலின் திறவுகோலையே ஒவ்வொன்றிலும் நகலெடுத்து வைத்து, விவரத்தை அனுப்புக என்னும் வரியையும் முன்வாயிலில் இயக்குதல் வேண்டும்.

திறவுகோல் காத்தல்

ஃபிளட்கேட்டின் கோப்புறையில் கீ.பெம் என்னும் சிறு கோப்பு ஒன்று பிறந்திருக்கும். நாம் மேலே கூறிய திறவுகோல் அதுவே. மதகின் பலகையைத் தூக்கும் கருவி என்று இதனைக் கொள்ளலாம். இது பிறர் கையிற் சிக்குமாயின், அவர் எவருடைய பெயரையும் மறையாக்கம் செய்து, மெய்ப்பிக்கப்பட்டவர்போல் நுழைந்துவிடுவர். வழங்கி ஐயுறாது; ஏனெனில், திறவுகோல் உடையவர் சொல்லை நம்புதலே அதன் இயல்பு.

ஆதலின் இக்கோப்பை எவர்க்கும் அனுப்புதல் ஆகாது. உதவி கேட்கும்போது கோப்புறை முழுவதையும் சுருட்டி அனுப்பும் பழக்கம் சிலரிடம் உண்டு. அதனுள் திறவுகோலும் சென்றுவிடும். திரையைப் படமெடுத்துப் பகிரும்போதும் கவனம் வேண்டும். வெளிப்பட்டுவிட்டது என ஐயம் எழுந்தால், அக்கோப்பை நீக்கி வழங்கியை மீளத் தொடங்குக. புதிய திறவுகோல் பிறக்கும். நகல்கள் பிற வழங்கிகளில் இருப்பின் அவற்றையும் மாற்றுக.

பெயரும் பட்டியலும்

ஃபிளட்கேட் வழியாக வருவோரின் பெயருக்கு முன்னே ஒரு புள்ளி தோன்றும். இது அழகுக்காக இட்டதன்று. ஜாவாவில் ஒருவரும் பெட்ராக்கில் மற்றொருவரும் ஒரே பெயரைக் கொண்டிருத்தல் இயல்பு. ஜாவாப் பெயர்களிற் புள்ளி இடம்பெறாது. எனவே, புள்ளியைக் கண்டதும் இவர் வேறு, அவர் வேறு என்பது தெளிவாகும். பார்வைக்கு நன்றாக இல்லையென்று இதனை நீக்குவோர், தலைவரின் பெயரோடு மற்றொருவர் வந்து நிற்கும் குழப்பத்துக்கு வழி வகுக்கின்றனர். புள்ளியை வேறு குறியாக மாற்றலாம். எழுத்தாகவோ எண்ணாகவோ மாற்றுதல் நன்றன்று. ஜாவாப் பெயர்கள் 16 எழுத்துக்கு மேற்போகா. ஆதலின் நீண்ட பெட்ராக் பெயர்கள் அந்த அளவுக்குக் குறுக்கப்படும். இடைவெளி இருந்தால் அடிக்கோடாக மாறும்.

அழைக்கப்பட்டோர் மட்டும் நுழையும் பட்டியலை வைத்திருப்போர், கைப்பேசியாளரை வழக்கமான கட்டளையாற் சேர்க்க முயன்றால் நிறைவேறாது. அதற்கென ஃபிளட்கேட் தரும் எஃப்வைட்லிஸ்ட் என்னும் கட்டளையைப் பயன்படுத்துதல் வேண்டும். சிறுவர் கூடும் வழங்கிகளுக்கு இப்பட்டியல் இருத்தல் மிக நன்று.

இரு பதிப்புகளையும் உடையவர் தம் இரு கணக்குகளையும் இணைத்துக்கொள்ளவும் வழியுண்டு. இணைத்தபின் கைப்பேசியில் வந்தாலும் ஜாவா அடையாளத்துடனேயே நுழைவர். அவ்வடையாளத்தின் பையில் இருந்த பொருள்களே கையில் இருக்கும். முன்பு கைப்பேசி அடையாளத்தாற் சேர்த்தவை தாமாக வந்து சேரா. ஆகவே, இணைப்பதாயின் தொடக்கத்திலேயே இணைத்தல் நலம்.

எதிர்ப்படும் இடர்கள்

அமைத்ததோடு பணி முடிந்துவிடுவதில்லை. கைப்பேசியில் விளையாட்டு பெரும்பாலும் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். அன்றே பழைய கீசர் அதனோடு பேச இயலாமற் போகலாம். நேற்று நுழைந்தவர் இன்று நுழையவில்லையெனின் முதலிற் பார்க்க வேண்டியது கீசரின் பதிப்பையே.

ஏமாற்றுவோரைக் கண்டுபிடிக்கும் இணைநிரல்கள் சில, கைப்பேசியாளரின் இயல்பான அசைவுகளைக் குற்றமெனக் கருதி அவரை வெளியேற்றுவதுண்டு. அந்நிரல்கள் ஜாவாவின் நடைக்கேற்ப எழுதப்பட்டவை. வேறு நடையைக் கண்டதும் ஐயுறுகின்றன. அவற்றின் ஆவணங்களைப் படித்து, கைப்பேசியாளர்க்கு ஏற்பத் தளர்த்துதல் வேண்டும். வாயிலில் வரவேற்றுவிட்டு முற்றத்தில் விரட்டுதல் விருந்தோம்பல் ஆகாது.

இவற்றினும் பெரிய இடர் ஒன்றுண்டு. இணைநிரல் ஒவ்வொன்றும் வழங்கியின் முழு உரிமையோடு இயங்குவது. நல்லது செய்யும் அளவுக்குத் தீயதும் செய்ய வல்லது. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்னும் பொதுநிரலில் ஒரு பெருங்குறை வெளிப்பட்டது. உரையாடற் பெட்டியில் இடும் ஒரு வரியாலேயே மைன்கிராஃப்ட் வழங்கியைக் கைப்பற்ற இயலும் என்னும் நிலை அன்று உண்டாயிற்று, மோஜாங் 1.18.1 பதிப்பை வெளியிட்டு அதனை அடைத்தது. 2023 ஜூனில், ஃப்ராக்சரைசர் எனப் பெயரிடப்பட்ட தீநிரல், பலரும் நம்பிய இரு தளங்களில் வைக்கப்பட்ட கூடுநிரல்களிலும் இணைநிரல்களிலும் ஒளிந்திருந்தது கண்டறியப்பட்டது. அது கணிப்பொறியிற் சேமித்த கடவுச்சொற்களைக் களவாட வல்லது. ஆகவே, தேவையானவற்றை மட்டும் நிறுவுதல், ஆக்கியோரிடமிருந்தே பெறுதல், காலத்தே புதுப்பித்தல் என்னும் மூன்றும் நெறியாகக் கொள்ளத்தக்கன.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், கீசர் என்பது மொழி வேறுபாட்டை நீக்கும் ஊற்று என்பதும், ஃபிளட்கேட் என்பது அடையாளத்தைக் காக்கும் மதகு என்பதும் தெளிவாகும். இரு கோப்புகளை ஒரு கோப்புறையில் இடுதல் சில நிமிட வேலை. ஆயின், அதனால் ஏற்படும் பொறுப்பு நெடியது. கைப்பேசி மட்டும் உடைய சிறுவனை வெளியே நிறுத்துவதும் தவறு. அவனை உள்ளே விடுவதற்காக எல்லார்க்கும் கதவை அகற்றுவதும் தவறு. முன்னது ஒருவனுக்கு இழைக்கும் தீங்கு. பின்னது உள்ளே இருக்கும் அனைவர்க்கும் இழைக்கும் தீங்கு.

வருவோரை அறிந்து வரவேற்றலே இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நன்னெறி. அந்நெறிக்கு வேண்டிய கருவியைத் தன்னார்வலர்கள் விலையின்றி ஆக்கித் தந்துள்ளனர். திறவுகோலை மறைத்து வைத்தலும், பெயரின் முன்னுள்ள புள்ளியைப் போற்றுதலும், பட்டியலைச் செவ்விதாக வைத்தலும் அதனை அமைப்போர் கடன். அக்கடனைச் செய்வோர் வழங்கியில் அண்ணனும் தம்பியும் ஒரே உலகிற் கூடி வீடு கட்டுவர். கட்டிய வீடும் மறுநாள் அவ்விடத்தே நிற்கும்.